கடுக்காய்க் கறுப்பு

விஜயலக்ஷ்மிக்குப் படம் போட வரும் என்பது கல்யாணத்துக்கு முன்பு அவளுடைய தகுதிகளில் ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு அதுவே அவளுடைய பிடிவாதங்களில் ஒன்றாகிவிட்டது. படம் மாறவில்லை, பார்க்கிறவர்கள்தான் மாறினார்கள்.

பம்பாய் மாட்டுங்காவில் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜி, சொஜ்ஜி, பாட்டு என்று ஒரு வரிசை உண்டு. விஜயலக்ஷ்மிக்குக் குரல் கட்டை. ஆகவே பாட்டு வரவேண்டிய இடத்தில் அவள் அப்பா, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கிளிப் படத்தைக் கொண்டுவந்து நாற்காலிமேல் வைத்தார். பார்க்க வந்த பஞ்சு ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாத ஜாதி. படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கிளிக்கு இப்படியா விரல் இருக்கும்? முன்னால ரெண்டுதான் போட்டிருக்கு" என்றார்.

"பின்னால ரெண்டு இருக்கு. சந்தேகம்னா க்ராஃபர்ட் மார்க்கெட்ல கிளி விக்கறான், போய்ப் பாருங்கோ" என்றாள் பெண், தலையைக் குனிந்தபடியே.

பஞ்சு போய்ப் பார்த்தார். மறுநாள் சம்மதம் சொல்லி அனுப்பினார். பெண்ணைப் பிடித்ததா, கிளியின் கால் ஒத்துப்போன திருப்தியா என்று அவரே பிற்பாடு தெளிவாகச் சொன்னதில்லை.

அவள் பம்பாயிலேயே பிறந்தவள். பாலக்காட்டுக்காரரான அப்பா ரயில்வேயில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. காலாவதியான ரயில்வே ஃபாரங்களின் பின்புறம்தான் அவளுக்கு முதல் காகிதம். ஆட்டு மந்தைகளும் சிமெண்டு மூட்டைகளும் எங்கிருந்து எங்கே போயின என்பதன் முதுகில் அவள் மரங்களும் மனிதர்களும் வரைந்தாள். சர்க்கார் நடத்தும் இரண்டு டிராயிங் பரீட்சைகளையும் பாஸ் செய்தாள். பிறகு டிராயிங் டீச்சர் சர்ட்டிபிகேட்டுக்குச் சித்திரப் பள்ளியில் சேர்ந்தாள். அது தையலின் கொஞ்சம் உயர்ந்த வகுப்பு என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்ததால் தடை சொல்லவில்லை. அங்கே மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்பு நடக்கிற அன்றெல்லாம் பெண்களை வேறு அறைக்கு அனுப்பி, பிளாஸ்டர் கைகளை வரையச் சொல்வார்கள். பெண்களின் மானத்தைக் காப்பாற்ற எடுத்துக்கொண்ட இந்த முயற்சியால், விரல்களை அவள் அளவுக்கு வரையக்கூடியவர்கள் அந்த வருஷம் ஆண்களில் ஒருவர்கூட இல்லை.

படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை, பேல் என்கிற மில் துணிப் பொதிகளில் ஒட்டுகிற வண்ணச் சீட்டுகளுக்கு வீட்டில் இருந்தபடியே படம் போட்டுக்கொடுத்தாள். தாமரைமேல் லக்ஷ்மி, லக்ஷ்மி காலடியில் மில்லின் பெயர். ஆப்பிரிக்கா போகிற பேல்களுக்கு லக்ஷ்மிக்குப் பதில் சிங்கம். மழையில் நனைந்தால் ஓடுகிற வர்ணம் எது, வெயிலில் வெளுக்கிற வர்ணம் எது என்பதை அந்தச் சீட்டுகள்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தன. அதிலிருந்து எந்த வர்ணத்தையும் வெயிலில் ஒரு வாரம் தொங்கவிட்டுப் பார்க்காமல் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை இந்த விதியை மீறினாள். அது பின்னால் வரும்.

தென்னிந்தியர்கள் சேர்ந்து மாட்டுங்காவில் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்தது யுத்தத்துக்கு முன்பு. டிராயிங் வகுப்பு வெள்ளிக்கிழமை மத்தியானங்களில். அந்த நேரத்தில் வேறெதுவும் மண்டையில் ஏறாது என்று கண்டுபிடித்த ஏதோ ஒரு அறிவாளி ஒதுக்கிக்கொடுத்த நேரம். விஜயலக்ஷ்மிக்கு அதில் வருத்தமில்லை. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற குழந்தைகள் அதிகமாக அழிப்பதில்லை என்பாள்.

யுத்தம் வந்தது. ஜெர்மன் பென்சில் முதலில் போயிற்று. பிறகு ஜப்பான் வர்ணப் பெட்டி. இங்கிலீஷ் கிரேயான் கடைசிவரை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு, கப்பலோடு எங்கோ மூழ்கியது. அப்புறம் காகிதமே கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நாற்பத்துமூன்றாம் வருஷம் கோடை விடுமுறைக்கு முன் ஹெட்மாஸ்டர் வேங்கடசுப்ரமணியன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அன்று நெடுநேரம் துடைத்தார்.

"கமிட்டியிலே பேசினா, டீச்சர். பேப்பர் இல்லை, பென்சில் இல்லை, கலர் இல்லை. குழந்தைகள் கையைக் கட்டிண்டு உக்காந்திருக்கறதுக்கு ஒரு பீரியட் எதுக்குன்னு செக்ரட்டரி கேக்கறார். அதை ஃபர்ஸ்ட் எய்டுக்குக் குடுத்துடலாம்கறா."

"கையைக் கட்டிண்டு உக்காரலை. ஸ்லேட்ல போடறா."

"ஸ்லேட்ல போட்டதை இன்ஸ்பெக்ட்ரஸ் கிட்டே எப்படிக் காட்டறது? தீபாவளி கழிஞ்சு அந்த அம்மா வரா. கிளாஸ் நடந்ததுக்கு அடையாளமா நாலு படம் சுவத்திலே தொங்கணும். தொங்கலைன்னா டிராயிங் போச்சு. நான் செய்யக்கூடியது அதுவரைக்கும் தள்ளிப்போடறதுதான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஸ்கூல் ஒண்ணும் வாங்கித் தர முடியாது. அதையும் சொல்லிடறேன்."

"வாங்கற மாதிரி கடையிலே ஒண்ணும் இல்லையே ஸார். நானே பண்ணிக்கறேன்" என்றாள் விஜயலக்ஷ்மி.

அவர் இதை ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொண்டார். அவளைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது.

முதலில் கரி. படம் வரைகிற கரி மிருதுவாக, நீளமாக, ஒடியாமல் இருக்கவேண்டும். வேப்பங்குச்சி கீறியது, முருங்கை பொடிந்தது. தாணா பக்கத்துக் கிராமங்களிலிருந்து துடைப்பத்துக்கென்று வருகிற காய்ந்த துவரைச் செடிக் குச்சிகளைத் துண்டு துண்டாக நறுக்கி, பிஸ்கட் டின்னில் அடுக்கி, மூடியைக் களிமண்ணால் பூசி, ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் குமுட்டியில் வைத்தாள். ஓட்டை வழியாகப் புகை வந்தது. புகை நின்றதும் ஆசையோடு திறந்தாள். உள்ளே சிவப்பாக இருந்ததெல்லாம் காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றிக்கொண்டு அவள் கண்ணெதிரே சாம்பலாயிற்று.

"ஊர்லே சாதம் வடிக்கக் கரி இல்லைன்னு ஜனங்கள் லைன்ல நிக்கறது. நீ கரியைப் போட்டுக் கரி பண்ணிண்டிருக்கே. அதுவும் சாம்பலாயாச்சு" என்றார் பஞ்சு, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"டின் ஆறறதுக்குள்ள திறந்துட்டேன். தப்பு அதாக்கும்."

"தப்பு எங்கேன்னு தெரிஞ்சுண்டே செய்யறவாளை என்ன பண்ணமுடியும்" என்றார் பஞ்சு. ஆனால் அடுத்த ஞாயிறு, களிமண் பிசைந்து கொடுத்தவரும் அவர்தான். மூடியை நன்றாகச் சரிபார்த்து, ஓட்டையை வேறு இடத்தில் போடச் சொன்னார். அந்தத் தடவை டின் ஆறும்வரை இரண்டு பேருமாக அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். திறந்தபோது குச்சிகள் குச்சிகளாகவே இருந்தன. ஒன்றை எடுத்துச் சுவரில் இழுத்தாள். வெல்வெட் மாதிரி ஒரு கோடு. வீட்டுக்காரனிடம் அந்தச் சுவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பைப் பஞ்சு ஏற்றுக்கொண்டார்.

பிறகு காகிதம். பழைய இங்கிலீஷ் பேப்பர் கிடைக்கும். ஆனால் அதில் ஏற்கெனவே யுத்தம் அச்சாகியிருக்கும். அதை மறைக்க ஒரு வெள்ளைப் பூச்சு வேண்டும். அரிசிக் கஞ்சியில் பசை காய்ச்சலாம் என்றால் அரிசி ரேஷனில் வருகிறது. அதைக் காகிதத்துக்கு ஊற்றுகிறவளை ஊர் சும்மா விடாது. புளியங்கொட்டைக்கு மட்டும் இன்னும் யாரும் ரேஷன் கார்டு போடவில்லை. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சினால் தச்சன்கூடப் பொறாமைப்படும் பசை. வெள்ளைக்கு நாமக்கட்டி. கோயில் பக்கத்துக் கடையில் நெற்றி நிறைய விபூதி இட்ட பஞ்சு ஒரு பை நிறைய நாமக்கட்டி கேட்டபோது, கடைக்காரர் பையைக் கட்டிக்கொண்டே, "என்ன ஸ்வாமி, அந்தப் பக்கம் போயிட்டேளா?" என்று விசாரித்தார்.

"ஆத்துக்காரி போகச் சொன்னா" என்றார் பஞ்சு.

இப்படியாக யுத்தத்தின்மேல் நாமம் பூசப்பட்டது. காய்ந்ததும் கரி அதில் நன்றாகப் பிடித்தது. எழுத்து கொஞ்சம் தெரிந்தது. ஒரு மாட்டு வண்டிப் படத்தின் வயிற்றில் ரஷ்யாவின் ஏதோ ஒரு நகரம் வீழ்ந்த செய்தி மங்கலாகப் படிக்கக் கிடைத்தது. அது படத்துக்கு ஆழம் தருகிறது என்று விஜயலக்ஷ்மி முடிவு செய்துகொண்டாள்.

அவள் செய்த ஒவ்வொன்றையும் மாடிக் கம்பியில் துணிகளோடு துணியாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். வெயில், மழை, கடல் காற்று எல்லாம் பட்டு மிஞ்சியதுதான் பள்ளிக்கூடத்துக்குப் போகும். எதிர் வீட்டு அம்மாள், "உங்காத்துல பேப்பரைக்கூடத் தோச்சு உலர்த்தறேளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் விஜயலக்ஷ்மி. விளக்கம் சொல்வதைவிட அது சுருக்கமாக இருந்தது.

மை வேண்டும். தூரிகையில் தொட்டு எழுத, தண்ணீர் கலந்து பூச, நிழல் காட்ட, நல்ல கறுப்பு மை. கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும் என்பது அவளுக்குத் தெரியும். மாட்டுங்காவில் எந்த வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் கடுக்காய் இருக்கும். வயிற்றுக்கு நல்லது என்று சாப்பிடுவார்கள். ஆனால் அந்த வருஷம் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் இல்லை.

"எல்லாம் தாராவிக்குப் போயிடுது. தோல் பதனிட அதுதானே வேணும். சோல்ஜருக்கெல்லாம் பூட்ஸு" என்றான் கடைக்காரன். "ஊர் ஜனங்களுக்கு வயித்தாலே போகலைன்னா ஹிட்லரைக் கேக்கணும்."

ஆகவே அவள் தாராவிக்குப் போனாள். ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. ஆனாலும் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த அவள் அதுவரை அங்கே கால் வைத்ததில்லை. அந்தப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் மாட்டுங்காக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்; இரு ஊர்களுக்கும் இடையே இருந்த போக்குவரத்து அவ்வளவுதான். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்டு வாங்கப் போகிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பது சரியல்ல என்று தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தோல் ஷாப்பு ஷாகுல் ஹமீதுடையது. திருநெல்வேலிக்காரர், தகப்பனார் காலத்திலேயே தொழிலோடு இங்கே வந்தவர். கொட்டகைக்குள் குழிகள், குழிகளில் பட்டைத் தண்ணீர், சுவரோரம் கடுக்காய் மூட்டைகள். ஒன்பது கஜம் கட்டிய ஒரு பிராமண ஸ்திரீ வாசலில் நிற்பதைக் கண்டு அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வழி தவறிட்டியளாம்மா? மாட்டுங்கா ஸ்டேஷன் அந்தப் பக்கம்."

"வழி தவறலை. கடுக்காய் வேணும்."

"கடுக்காயா. வீட்டுல யாருக்கும் வயிறு சரியில்லையா?"

"ஸ்கூல் குழந்தைகளுக்கு."

"எல்லாப் பிள்ளைகளுக்குமா?" ஷாகுல் ஹமீது கவலையாகிவிட்டார்.

மை காய்ச்ச என்று அவள் விளக்கினாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "மை காய்ச்ச முழுக் காய் எதுக்கும்மா. மூட்டையில அடியில தங்குத நொறுங்கலும் தூளும் இருக்கு, அள்ளிட்டுப் போங்க. நாங்க கூட்டித்தான் தள்ளுதோம். ஆனா ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடக் கூடாது. உங்க பக்கத்து ஆள்க இதத் தொடுவாகளா?"

"என்னத்துக்குத் தொடாம? கடுக்காய்தானே."

"கடுக்காய்தான். எங்க கிடந்துதுன்னு ஒண்ணு இருக்குல்லா."

"கேட்டா சொல்லுவேன்" என்றாள் விஜயலக்ஷ்மி. ஷாகுல் ஹமீது அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையை நிரப்ப உள்ளே ஆள் அனுப்பினார். அவர் முகத்தில் இருந்தது பரிதாபம்.

மை நன்றாக வந்தது. ஓட்டை விழுந்த இரும்புச் சட்டியைத் தகரத்தால் அடைத்து, துருப்பிடித்த ஆணிகளோடு கடுக்காய்த் தண்ணீரை ஊற்றி வைத்தாள். அதைத் தொட்டுக் கோடு போட்டால் முதலில் வெளுத்த சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். வகுப்பில் குழந்தைகள் வரைவதைவிட அது கறுப்பதைப் பார்ப்பதில் அதிக நேரம் செலவிட்டார்கள். கம்பியில் தொங்கிய மைப் படங்களை மழை அடித்து ஊற்றியது. அசையவில்லை. புரட்டாசிக்குள் ஒரு அலமாரி நிறையப் படங்கள் சேர்ந்தன. டிராம், மீன்காரி, குடை ரிப்பேர்க்காரன், ரேஷன் வரிசை.

யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் சொல்லவில்லை என்ற நிலைமை தீபாவளிவரை நீடித்தது. பிறகு ஒரு பெண் வீட்டில் போய், மை தாராவித் தோல் ஷாப்பிலிருந்து வருகிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். அன்று மாலையே அந்த வீட்டில் குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் பல வீடுகளில் ஊற்றினார்கள். அதற்கு மறுநாள் கமிட்டி செக்ரட்டரி அனந்தநாராயணன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

அவர் ஒரு இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸில் பெரிய உத்தியோகம். பஞ்சகச்சத்தின்மேல் கோட்டு போடுகிறவர். சங்கீத சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து மிருதங்கத்துக்குத் தொடையில் தாளம் போடுவார். மிருதங்கத்தில் இருப்பது என்ன தோல் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

"அம்மா, தோல்லேர்ந்து மை எடுக்கறேளாமே?"

"தோல்லேர்ந்து இல்லை. கடுக்காய்லேர்ந்து. உங்காத்திலேயும் இருக்கும்."

"எங்காத்துக் கடுக்காய் எங்காத்துல இருக்கு. இது எங்கே இருந்தது?"

"தோல் ஷாப்புல, மூட்டையில."

"ஆக தோல் ஷாப்புதான்." ஒரு பாலிசியின் ஷரத்தைப் படித்துக் காட்டுகிற தோரணையில் சொன்னார். "பேரண்ட்ஸ் ஒத்துக்கமாட்டா. அந்த மை ஸ்கூல்ல இருக்கப்படாது. அதிலே போட்ட படமும் தொங்கப்படாது."

"அதை எடுத்துட்டா சுவத்துல தொங்க ஒண்ணும் மிச்சமில்லை. கரிப் படம் எட்டி நின்னு பார்த்தாத் தெரியாது."

"சுத்தமான சாமான்ல பண்ணுங்கோ. நம்மாத்துல இல்லாத கலரா? மஞ்சள் இல்லையா, சுண்ணாம்பு இல்லையா? ஆரத்தி கரைக்கறோமே, அதைவிட ஒரு சிவப்பு உண்டா?"

அவர் போன பிறகு ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். கறுப்புப் படங்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

விஜயலக்ஷ்மி கோபத்தோடு வீட்டுக்குப் போனாள். ஆனால் பாதி வழியில் அந்தச் சிவப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. மனிதர் எரிச்சல் மூட்டினாலும் சொன்னது தப்பில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தச் சிவப்புக்கு ஈடான வர்ணம் எந்த இங்கிலீஷ் பெட்டியிலும் இருந்ததில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த சிவப்பு. கல்யாணத்துக்கு, சீமந்தத்துக்கு, தொட்டிலுக்கு. அதைக் கம்பியில் தொங்கவிட்டுச் சோதிக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வீட்டு மனிதரிடம் யார் அத்தாட்சி கேட்பார்கள்?

இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூட முற்றத்தில் தாம்பாளம் தாம்பாளமாக ஆரத்தி கரைத்தார்கள். செக்ரட்டரியே மஞ்சள் அனுப்பிவைத்தார். பெரிய காகிதங்களில் சிவப்பு மாடி பஸ், சிவப்புப் புடவை, தீயணைக்கும் வண்டி, அஸ்தமன சூரியன். சாயங்காலம் ஹாலில் மாட்டியபோது ஹால் கல்யாணக் களை கட்டியது. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைக்காமலே சிரித்தார்.

காலையில் விஜயலக்ஷ்மி ஹாலைத் திறந்தபோது, பஸ் மஞ்சளாக நின்றது. புடவையும் மஞ்சள், தீயணைக்கும் வண்டிக்குக் காமாலை. அங்கங்கே பூச்சு கனமாக இருந்த இடத்தில் மட்டும் காய்ந்த வெற்றிலைச் சாறு மாதிரி ஒரு பழுப்பு.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். தப்பு எங்கே என்று பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. ஆரத்தியைக் கரைக்கிறோம், சுற்றுகிறோம், வாசலில் கொட்டிவிடுகிறோம். கொட்டிய பிறகு அது என்ன ஆகிறது என்று எத்தனை தலைமுறையாக ஒருத்தியும் நின்று பார்த்ததில்லை. சுண்ணாம்பு காய்ந்து காரம் போனதும் மஞ்சள் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஊரெல்லாம் தெரிந்த சிவப்பின் ஆயுசு யாருக்கும் தெரியாது. வெயிலில் போட்டுப் பார்க்காமல் நம்புவதில்லை என்று சபதம் செய்தவளுக்கும் தெரியாது.

அதற்குள் செக்ரட்டரி வந்துவிட்டார். ஹாலைப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். ஆனால் காரியஸ்தர், சீக்கிரம் தேறிக்கொண்டார்.

"சுண்ணாம்பு ஜலம் கொண்டாங்கோ. மேலே லேசா ஒரு கை பூசினாப் போறும், பழையபடி சிவந்துடும்."

"சிவக்கும். சாயங்காலம் மறுபடியும் மஞ்சளாயிடும்."

"சாயங்காலம் யார் பார்க்கப்போறா? அந்த அம்மா வந்துட்டுப் போற வரைக்கும் நின்னாப் போறாதா?"

சுண்ணாம்புத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. தூரிகையும் இருந்தது. ஒரு கை பூசினால் டிராயிங் வகுப்பு பிழைக்கும். அவள் கை தூரிகை வரைக்கும் போனது; பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. ஆனால் நாளைக்கு இந்தப் படங்களைப் போட்ட குழந்தைகளிடம் என்ன சொல்வது என்பதுதான் அகப்படவில்லை. அவர்கள் நேற்றுச் சிவப்பைப் பார்த்தவர்கள், சாயங்காலம் மஞ்சளைப் பார்க்கப்போகிறவர்கள்.

"அந்த அம்மா எழுதற ரிப்போர்ட்டும் சாயங்காலத்துக்குள்ள நிறம் மாறினா ஒத்துப்பேளா?" என்றாள். தூரிகையை எடுத்து ஜன்னல் வழியாக முற்றத்தில் போட்டாள். "கறுப்புப் படத்தை மாட்டப்போறேன்."

"மாட்டப்படாதுன்னு சொல்லியாச்சு."

"சொன்னேள். நானும் கேட்டேன். இப்போ மாட்டப்போறேன். வேலையை விட்டு எடுக்கறதானா சாயங்காலம் எடுங்கோ."

செக்ரட்டரி, ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். வாசலில் கார் சத்தம் கேட்டது. "அந்த அம்மா வந்துட்டா போலிருக்கு" என்று சொல்லி ஹெட்மாஸ்டர் வேங்கடசுப்ரமணியன் வரவேற்கப் போனார். போகிறபோது இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். இடுப்பில் உறுத்தியிருக்கலாம்.

இன்ஸ்பெக்ட்ரஸ் புனாவைச் சேர்ந்த மராத்திய அம்மாள். நரைத்த தலை, கான்வாஸ் ஷூ, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவள். அவள் மற்ற வகுப்புகளைப் பார்த்துவிட்டு ஹாலுக்கு வருவதற்குள், விஜயலக்ஷ்மி மஞ்சள் படங்களை எடுக்காமல் அவற்றுக்கு நடு நடுவே கறுப்புப் படங்களை மாட்டி முடித்திருந்தாள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"இந்தப் பஸ் ஏன் மஞ்சளாக இருக்கிறது?"

"நேற்று சிவப்பாக இருந்தது" என்று சொல்லி, ஆரத்தி விஷயம் முழுவதையும் விளக்கினாள் விஜயலக்ஷ்மி. "நான் சோதித்துப் பார்க்கவில்லை. என் தப்பு."

"தப்பை ஏன் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள்?"

"மறைத்தால் அடுத்த வருஷம் வேறு ஒருத்தி இதையே செய்வாள்."

அந்த அம்மாள் நகர்ந்து ரேஷன் வரிசைப் படத்தின்முன் நின்றாள். மை கறுப்பாக, கெட்டியாக, ஒவ்வொரு குடையும் தனித்தனியாக நின்றது. விரலை எச்சிலில் தொட்டு ஒரு மூலையில் தேய்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இது என்ன மை? இப்போது கடையில் எங்குமே கிடைப்பதில்லையே."

செக்ரட்டரி இருமினார். விஜயலக்ஷ்மி இருமல் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, "கடுக்காயும் துருவும். கடுக்காய் தாராவியில் ஒரு தோல் ஷாப்பிலிருந்து வருகிறது" என்றாள்.

"செய்து காட்ட முடியுமா?"

சட்டி வந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் தானே தூரிகையைத் தொட்டு ஒரு கோடு இழுத்தாள். வெளுப்பாக விழுந்தது. "அவ்வளவுதானா?" என்றாள். "கொஞ்சம் நில்லுங்கள்" என்றாள் விஜயலக்ஷ்மி. எல்லோரும் நின்றார்கள். செக்ரட்டரியும் நின்றார், குனிந்தும் பார்த்தார். கோடு மெதுவாகக் கறுத்துக்கொண்டே வந்தது.

பம்பாயில் பாதிப் பள்ளிக்கூடங்கள் டிராயிங்கை மூட்டை கட்டிவிட்டன என்றும், இங்கே அப்படிச் செய்யவேண்டியதில்லை என்றும், அடுத்த மாதம் மற்ற பள்ளிகளின் டிராயிங் ஆசிரியர்களை அழைக்கிறேன், கரி, காகிதம், மை மூன்றையும் அவர்களுக்குச் செய்து காட்டவேண்டும் என்றும் அந்த அம்மாள் சொன்னாள். பிறகு செக்ரட்டரி பக்கம் திரும்பி, இப்படி ஒரு ஏற்பாட்டை ஆதரித்த கமிட்டியைப் பாராட்டினாள். ஆதரிக்காத கமிட்டியின் சார்பில் அனந்தநாராயணன் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

வகுப்பு பிழைத்தது. ஆனால் பெற்றோர்கள் சமாதானம் ஆகவில்லை. கமிட்டி இரண்டு சாயங்காலம் கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. அதைச் சொல்ல செக்ரட்டரி நேரில் வந்தார்.

"மை இருக்கலாம். ஆனா ஒரு கண்டிஷன். அந்தக் கடுக்காய் குழந்தைகள் கைக்குப் போறதுக்கு முன்னாடி சுத்த ஜலத்தில ஒரு ராத்திரி ஊறணும். சுத்தியாயிடும். சாஸ்திரிகளைக் கேட்டாச்சு."

கடுக்காயைத் தண்ணீரில் ஊறவைக்காமல் மை செய்ய முடியாது என்பதைச் சொல்லலாமா என்று விஜயலக்ஷ்மி யோசித்தாள். வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

"ஊறின ஜலத்தைக் கொட்டணுமா?"

"அது உங்க இஷ்டம்."

"சரி. ஊறவெக்கற இடம் சுத்தமா இருக்கணுமோல்லியோ?"

"கண்டிப்பா."

"கண்டவா புழங்கற இடத்துல வெச்சா சுத்தி போயிடும்."

"போயிடும்தான்" என்றார் செக்ரட்டரி, பேச்சு எங்கே போகிறது என்று தெரியாமல்.

"அப்போ தனியா ஒரு ரூம் வேணும். உள்ளேயே பைப் இருக்கணும். ஜலத்துக்கு வெளியே போனா வரப்போ யார் மேலேயாவது பட்டுடும். கொல்லைப்பக்கம் ஒடைஞ்ச பெஞ்சு போட்டு வெச்சிருக்கேளே, அந்த ரூம் போறும். ரெண்டு அலமாரியும் வேணும், மறுபடி தீட்டுப் படாம இருக்க."

டிராயிங்குக்கு ஒரு அறை வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் மனுப் போட்டிருந்தாள். இடமில்லை என்று ஒவ்வொரு வருஷமும் பதில் வந்தது. சுத்திக்கு இடமில்லை என்று எந்தக் கமிட்டியால் சொல்ல முடியும்? அந்த வாரமே பெஞ்சுகள் வெளியே வந்தன, பைப் உள்ளே போயிற்று.

கடுக்காயை ஊறப்போட்ட முதல் நாள் சாயங்காலம், சுத்தி முறைப்படி நடக்கிறதா என்று பார்க்க அனந்தநாராயணன் ஆபீஸிலிருந்து நேரே வந்தார். கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. தட்டினார். ஜன்னலில் விஜயலக்ஷ்மியின் முகம் தெரிந்தது. முழங்கைவரை கறுப்பாக இருந்தாள்.

"உள்ளே வரலாமா?"

"நீங்கோ ஸ்நானம் பண்ணிட்டு வந்தேளா?"

அவர் டிராமில் வந்திருந்தார். டிராமில் யார் யாரோ இருந்தார்கள். "இல்லை" என்றார் நேர்மையாக.

"அப்போ மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு, விஜயலக்ஷ்மி ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள்.